அழித்தெழுதிய ஊர்

ஒரு பெயர்ப்பலகைக்கு என்ன வயது என்று சொல்ல அந்தப் பெயின்டருக்குத் தேதி தேவைப்படாது. 'லை' எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே போதும். தும்பிக்கையைத் தூக்கினாற்போல மேலே சுழித்து இறங்கும் பழைய 'லை' என்றால் 1978க்கு முந்தியது. இல்லையென்றால், அரசாணைக்கெல்லாம் கையை மாற்றிக்கொள்ளாத யாரோ ஒரு பெரியவர் எழுதியது. கோவில்பட்டியில் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அப்படிப்பட்ட பெரியவர்தான்.

1970களின் தொடக்கத்தில், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அந்த வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்தார். முதல் வேலை எழுதுவதல்ல, தேய்ப்பது. பழைய தகரப் பலகையை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்ததும் வெள்ளை எனாமல் பூசி, சுண்ணாம்பு தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாத்தியார் எழுந்து வருவார். மணிக்கட்டுக்கு அடியில் ஒரு குச்சியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அணில்முடி பிரஷ்ஷை இழுப்பார். "எழுத்து நிக்கணும்லே, ஆடப்படாது" என்பதுதான் பாடம் மொத்தமும்.

தேய்க்கிற பையனுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பலகைக்கு அடியில் இன்னொரு பலகை இருப்பது அவனுக்குத்தான் தெரியும். டீ ஸ்டாலுக்கு அடியில் காபி கிளப், சைக்கிள் கடைக்கு அடியில் ஜவுளிக்கடை. யார் நொடித்துப்போனார், யார் வாங்கினார் என்ற ஊர்க்கதையை அவர் அப்படித்தான் கற்றார். எழுதச் சொல்லி வந்தவர்களைவிட அழிக்கச் சொல்லி வந்தவர்களிடமிருந்தே ஊரை அதிகம் தெரிந்துகொண்டதாக இப்போதும் சொல்வார்.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. பெரியார் 1935 முதல் தம் பத்திரிகைகளில் கையாண்டு வந்த வடிவங்கள். மொத்தம் 13 எழுத்துகள். படித்தவர்களுக்கு அது விவாதம். பெயின்டர்களுக்கோ அகலக் கணக்கு. பழைய 'லை' ஓர் எழுத்து இடத்தில் அடங்கும், புதியதற்குக் கூடுதல் இடம் வேண்டும். ஏற்கெனவே நெருக்கி எழுதியிருந்த பலகையில் அதை எங்கே நுழைப்பது?

கட்சிச் சுவர்களில் இது இன்னும் வேடிக்கையாகப் போனது. 'அண்ணா' என்ற பெயரிலேயே மாற வேண்டிய 'ணா' இருந்தது. 'கலைஞர்' மாற வேண்டும், 'புரட்சித் தலைவர்' மாற வேண்டும், 'இரட்டை இலை'யும் மாற வேண்டும். எந்தக் கட்சியும் தப்பவில்லை. வாத்தியார் மட்டும் கடைசிவரை பழைய சுழியையே போட்டார். வாடிக்கையாளர்களிலும் சிலர் அதையே விரும்பினார்கள். பழைய எழுத்து இருந்தால் பழைய கடை என்று ஜனங்கள் நம்புவார்கள் என்பது அவர்கள் கணக்கு. பிறகு வந்த கடைகள் சில இந்த ரகசியத்தைப் பிடித்துக்கொண்டு, புத்தம்புதுப் பலகையிலேயே பழைய 'லை' கேட்டன.

அடுத்து வந்தது தெருப்பெயர். அதே எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1970களின் இறுதியில், தெருப்பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயரை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பெயர்ப்பலகைக் கூலி எழுத்துக் கணக்கில்தான் பேசப்படும். அழிப்பதற்கு எந்தக் கணக்கில் கூலி என்று யாருக்கும் தெரியவில்லை. எழுத்துக்குப் பாதி என்று ஒருவாறு தீர்ந்தது. ஒரு மனிதரின் பெயரோடு சாதி சேர்ந்திருந்த தெருக்களில் சிக்கல் இல்லை. வாலை வெட்டினால் தலை நிற்கும். சாதிப் பெயரே முழுப்பெயராக இருந்த தெருக்களில்தான் வம்பு. அழித்து முடித்தால் பலகையில் 'தெரு' என்பது மட்டும் மிஞ்சியது. அப்படி ஒரு பலகை கொஞ்ச காலம் வெறும் 'தெரு'வாகவே நின்றதையும், தபால்காரர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாததையும் அவர் பார்த்தார். பலகை மாறியதே தவிர, வழி கேட்டவர்களுக்கு ஊர் பழைய பெயரைச் சொல்லித்தான் வழிகாட்டியது.

வேறு சில பலகைகளை அழித்த இரண்டு மூன்று நாளில் இரவோடு இரவாக யாரோ கரிக்கட்டியால் பழைய பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். எழுத்து கோணலாக இருக்கும். ஆனால் அழுத்தமாக இருக்கும்.

அந்த உத்தரவுக்குச் சுமார் அரை நூற்றாண்டு கழித்து, 2025 அக்டோபரில், குடியிருப்புகள், தெருக்கள், சாலைகளின் சாதிப் பெயர்களை நீக்கத் தமிழ்நாடு அரசு மறுபடியும் ஆணை வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்திருந்தார். இரண்டு தலைமுறைக்குப் பிறகும் அதே வேலைக்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது என்றால், முதல் கோட் பெயின்ட் எவ்வளவு மெலிசு என்று பார்த்துக்கொள்ளலாம்.

வாத்தியாருக்குச் சென்னைக் கதை ஒன்று பிடிக்கும். 1957-இல் திருவல்லிக்கேணி முரளீஸ் கபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். மாதக்கணக்கில் நடந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கியது. "ஒத்த வார்த்தைக்காக இத்தனை பேரு ஜெயிலுக்குப் போனானுவன்னா, அந்த வார்த்தைக்கு என்ன வெயிட்டு இருந்திருக்கும் பாருலே" என்பார் வாத்தியார். அந்தக் காலத்து ஓட்டல்களில் அது சமையல்காரரின் சாதியைச் சொன்ன சொல் மட்டுமல்ல. உள்ளே யார் எங்கே உட்காரலாம் என்பதையும் அதுவே சொன்னது.

ஆனால் வியாபாரப் பலகையில் சாதி இன்றைக்கும் சௌக்கியமாகவே இருக்கிறது. தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர் பேருந்து நிலையத்துக்குப் போனாலும் 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி' கண்ணில் படும். உரிமையாளர் பெங்களூரைப் பார்த்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஐயர் மெஸ், செட்டிநாடு, தேவர் ஓட்டல், நாடார் மளிகை என்று தொடரும் அந்த வரிசையில் சாதி என்பது ருசிக்கும் எடைக்கும் கொடுக்கும் உத்தரவாதம். அரசு தெருவிலிருந்து எடுத்ததைக் கடைக்காரர் காசு கொடுத்துத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டார். இந்த வகைப் பலகைகளை எழுதிய காலத்தில் அவருக்கு இது முரணாகப் படவில்லை, வருமானமாகத்தான் பட்டது. இந்த வரிசைக்கெல்லாம் வெளியே நிற்பது திருநெல்வேலி இருட்டுக்கடை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் அந்த அல்வாக் கடை பெயர்ப்பலகையே இல்லாமல் பேர் வாங்கியது. பெயின்டர்கள் பெருமூச்சு விட வேண்டிய கடை.

அரசாங்கம் மக்களிடம் எந்தத் தொனியில் பேசுகிறது என்பதை அவர் பேருந்துக்குள்தான் கற்றார். 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்.' கையையும் தலையையும் வெளியே நீட்டாதே என்று கண்டக்டர் கத்துவதை எதுகையோடு சொல்லும் நான்கு சொற்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் 'படியில் பயணம் நொடியில் மரணம்'. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு திருக்குறள்; 1967-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்த சில காலத்திலேயே அரசுப் பேருந்துகளில் குடியேறிய வழக்கம் அது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அவருக்குத் தெரிந்த குறள்களில் பெரும்பாலானவை பேருந்தில் எழுதியவை. மேடைத் தமிழால் ஆட்சியைப் பிடித்த மாநிலம், பேருந்தின் உள்பக்கத் தகரத்தைக்கூட மேடையாகத்தான் பார்த்தது. தனியார் சுவர்கள் இந்த மரியாதையெல்லாம் பார்ப்பதில்லை. 'நிற்காதே', 'ஒட்டாதே', 'நாய்கள் ஜாக்கிரதை.' கடைசியாகச் சொன்னதை நாயே வளர்க்காத வீடுகளுக்கும் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பேருந்தின் வெளிப்பக்கம் வேறு கதை. மதுரைப் பக்கம் பாண்டியன், திருநெல்வேலிப் பக்கம் கட்டபொம்மன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன், சென்னையில் பல்லவன், விழுப்புரத்தில் தந்தை பெரியார், ஈரோட்டில் ஜீவா என்று போக்குவரத்துக் கழகங்களுக்கெல்லாம் பெயர்கள் இருந்தன. எந்த ஊர் வண்டி என்பதை அந்தப் பெயரை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். மாவட்டங்களும் அப்படியே. கோவில்பட்டி முதலில் திருநெல்வேலி மாவட்டம். 1986-இல் புது மாவட்டம் பிரிந்தபோது சிதம்பரனார் மாவட்டம். பக்கத்தில் விருதுநகர் காமராசர் மாவட்டம், அதற்கப்பால் சிவகங்கை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். இருந்த இடத்தைவிட்டு ஊர் ஓர் அங்குலம் நகரவில்லை. கடைப்பலகையின் கடைசி வரி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் படைத்தலைவர், தேவேந்திரர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று பிற சாதியினரில் ஒரு பகுதியினர் எதிர்ப்புக் கிளப்பினார்கள். பேருந்துகள் மீது கல் விழுந்தது, தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. அத்தனை ஆண்டுகளாகப் பிற பெயர் தாங்கிய வண்டிகளில் எல்லாச் சாதியும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு தலித் வீரரின் பெயர் பேருந்தின் பக்கவாட்டில் ஏறியபோதுதான் பெயர் என்பதே பிரச்சினையாகிப்போனது.

கலைஞர் அரசு எடுத்த முடிவு எல்லாருக்கும் பொது. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயரும் போயிற்று, மாவட்டங்களுக்குச் சூட்டிய தலைவர்களின் பெயரும் போயிற்று. பாண்டியனும் பல்லவனும் கட்டபொம்மனும் சுந்தரலிங்கத்தோடு சேர்ந்தே இறங்கினார்கள். அந்த மாதங்களில் பெயின்டர்களுக்குக் கைகொள்ளாத வேலை. கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டமானது. சிதம்பரனாரை அழித்துத் தூத்துக்குடி எழுதிய கடைகளில் ஒரு கடைக்காரர் கேட்டார்: "அண்ணாச்சி, அவரு ஜெயில்ல செக்கு இழுத்தவரு. அவரை எதுக்கு எடுக்கணும்?" பதில் சொல்லத் தெரியவில்லை. எழுத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

ஊர்ப்பெயர் மாற்றம் எல்லாமே அவருக்கு வேலை கொண்டுவந்ததாகவும் சொல்ல முடியாது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. ஆங்கில எழுத்துகள் கூடிக்கொண்டு போன விதத்தைக் கண்டு கேலி கிளம்பவே, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. டப்பாவின் மூடியைத் திறக்கக்கூட நேரமில்லை.

ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை மட்டும் எந்த உள்ளூர் பெயின்டருக்கும் கிடைக்காத வேலை. ஆனால் அதன்மேல் தார் பூசியவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள்தான். 1952-இல் பெரியார் அறிவித்த இந்தி எழுத்து அழிப்புப் போராட்டம் தமிழகத்து நிலையங்களில் தார்ச்சட்டியோடு நடந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், வடநாட்டு சிமென்ட் ஆலை முதலாளியின் பெயரைத் தாங்கிய டால்மியாபுரம் நிலையத்துக்குக் கல்லக்குடி என்ற பெயரே வேண்டும் என்று கருணாநிதியும் தோழர்களும் பலகையில் அந்தப் பெயரை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார்கள். ஒரு பெயர்ப்பலகையிலிருந்து ஓர் அரசியல் வாழ்க்கை வளர்ந்தது. 2017-இல் தேசிய நெடுஞ்சாலை மைல்கற்களில் இந்தி ஏறியபோதும், 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி, பாளையங்கோட்டை நிலையப் பலகைகளிலும், அதே வேலை திரும்பவும் நடந்தது. தார் பூசுவதில் கைத்திறன் ஒன்றுமில்லை என்பது அவருடைய தொழில்முறைக் கருத்து. வடிந்து கீழே இருக்கும் தமிழையும் கெடுத்துவிடும்.

தேர்தல் காலம்தான் அவருக்குத் தீபாவளி. சுவரைப் பிடிப்பது முதல் போட்டி. வாக்கெடுப்புக்கு மாதக்கணக்கில் முன்பே வெள்ளையடித்து மூலையில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதி 'ரிசர்வ்' என்று போட்டுவிட வேண்டும். சுவருக்குச் சொந்தக்காரரிடம் கேட்டார்களா என்பது வேறு விஷயம். இதையெல்லாம் தடுக்க 1959-இலேயே பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குத் தெரியாத சுவர் ஊரில் நிறைய இருந்தது. உதயசூரியனுக்குக் கதிர்களைச் சமமாகப் பிரிப்பதுதான் சிரமம், இரட்டை இலை கண்ணை மூடிக்கொண்டு வரும். எம்.ஜி.ஆர். மறைந்து அ.தி.மு.க. இரண்டானபோது, 1989 ஜனவரித் தேர்தலில் இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஊர்ப் பெயின்டர்கள் அவசர அவசரமாகக் கோழிப் பண்ணைக்குப் போய்ப் பார்த்தார்கள் என்று ஒரு பேச்சு. அவருக்குச் சேவல் வந்தது, புறா வரவில்லை. இரண்டு புறாவையும் ஒரே மாதிரி எதிரெதிரே போட வேண்டும், ஒன்று எப்போதும் கொஞ்சம் குண்டாகிவிடும். சுவர்களைப் பார்த்தே எந்த அணிக்கு ஆள்பலம் என்று ஊர் கணித்தது. அந்தச் சேவலும் புறாவும் ஓராண்டுக்குள் மறைந்து இலை திரும்பி வந்தது.

அரசுக்கு எழுதிய சுவர்களில் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம் பெரிய பங்கு. தலைகீழ் சிவப்பு முக்கோணம், பக்கத்தில் 'நாம் இருவர் நமக்கு இருவர்'. பின்னாளில் அதுவே 'நமக்கு ஒருவர்' ஆனது. சுவர் கொடுத்த வீட்டுத் திண்ணையில் ஆறேழு பிள்ளைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

மூத்திரச் சந்துகளுக்கு எழுதுவதில்தான் எழுத்தின் எல்லை தெரிந்தது. 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதினால் அதன்மேலேயே பெய்தார்கள். அபராதம் என்று எழுதினாலும் அதே கதி. கடைசியில் சுவருக்குச் சொந்தக்காரர்கள் எழுத்தைக் கைவிட்டு, பிள்ளையார், சிலுவை, பிறையோடு கூடிய பள்ளிவாசல் மூன்றும் வரிசையாக இருக்கும் டைல்ஸை வாங்கிப் பதித்தார்கள். பலன் இருந்தது. சட்டத்துக்குப் பயப்படாத மனிதர் எந்தச் சாமிக்குப் பயப்படுவார் என்று தெரியாததால் மூன்றையும் பதித்துவைப்பது நம்மூர் முன்னெச்சரிக்கை. மூன்று மதமும் சண்டையில்லாமல் அடுத்தடுத்து இருக்கிற பொது இடம் அதுதான் என்று அவர் அடிக்கடி கிண்டலடிப்பார்.

பிளக்ஸ் 2000களில் வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பையன் அரை மணி நேரத்தில் பலகையை முடித்துவிட, சதுர அடிக் கணக்கில் காசு. ஒரு தொழில் அத்தோடு படுத்தது. ஆனால் அவர் பிளக்ஸைத் திட்டுகிறவர் அல்ல. கையால் வரைந்த காலத்தில் முகம் என்பது தலைவர்களுக்கும் நடிகர்களுக்கும் மட்டும் கிடைத்த வசதி. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் பெண்ணின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு என்று பத்தடி உயரத்தில் முகம் வைக்க அந்தக் காலத்தில் யாரால் முடிந்திருக்கும்? காதணி விழாப் பலகையில் தாய்மாமன் படம் எவ்வளவு பெரியது என்று பார்த்தால் சீர் எவ்வளவு வரும் என்று ஊர் மதிப்பிட்டுவிடும். இறந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி. 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு தேதி. கீழே கூலிங்கிளாஸ் போட்ட நண்பர்கள் வரிசை, யார் முன்னால் யார் பின்னால் என்பதில் சண்டை.

அதே பிளக்ஸில்தான், சுவரில் அழிக்கப்பட்ட சாதி திரும்பி வந்தது. இப்போது எழுத்தாக இல்லை, படமாக. சிங்கம், காளை, வாள், தலைவர் முகம், பின்னணியில் ஒரு நிறக்கலவை. செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாளும் அக்டோபர் 30 தேவர் ஜெயந்தியும் நெருங்கினால் தென்மாவட்டங்களில் காவல்துறைக்குப் பலகைகளைக் கண்காணிப்பதே தனி வேலை. பலகைகூட வேண்டாம் என்று சில ஊர்களில் மின்கம்பத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நிறம் அடித்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று நிறப் பட்டைகள். வெளியூர்க்காரருக்கு அழகாகத் தெரியும். உள்ளூர்ப் பையன் எந்தக் கம்பத்தோடு தன் தெரு முடிகிறது என்று அதைப் பார்த்துச் சொல்வான். அப்படி ஒரு கம்பத்துக்கு நிறம் அடிக்க அவரையும் கூப்பிட்டார்கள். கண் சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தார்.

இப்போது கையெழுத்து வேலை எப்போதாவது வரும். சென்ற தேர்தல் ஒன்றுக்கு முன்னால், பக்கத்துக் கிராமத்துப் பள்ளிச் சுவரில் வாக்குச்சாவடி விவரம் எழுத அழைத்தார்கள். பாகம் எண், அதில் அடங்கும் தெருக்கள். கையில் கொடுத்த பட்டியலில் ஒரு தெருவின் பெயரில் சாதி ஒட்டிக்கொண்டே இருந்தது.

"தம்பி, இதை அப்படியே எழுதவா?"

"லிஸ்ட்ல உள்ளபடி எழுதிருங்க அண்ணாச்சி. நாம மாத்துனா வாக்காளர் பட்டியலோட ஒத்து வராது."

அவர் நூலைப் பிடித்துக் கோடு போட்டு எழுதினார். சாதிப் பெயரால் எழுத்துகள் கொஞ்சம் கூடின, அதற்குத் தகுந்த கூலியும் கூடியது.